மெனோனைட் சபைக்குப் பவள விழா எடுப்பது எப்படி: ஒரு செயலாளரின் குறிப்புகள்

எங்கள் சபைக்கு 75 வயது நெருங்கியபோது விழாக் குழுவின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம், யுத்தத்தில் பங்கெடுப்பதில்லை என்று நிற்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் மெனோனைட்டுகள். நான் பிறப்பால் மெனோனைட் இல்லை, கல்யாணமாகி வந்தவள். "நீதான்மா சரி. இங்கே யாருக்கும் நீ அக்காவும் இல்லை, அத்தையும் இல்லை. யாரோடும் உனக்குப் பழைய கணக்கு கிடையாது" என்றார் மூப்பர். அவர் சொன்னதில் இருந்த நியாயம் பழைய அங்கத்தினர் பதிவேட்டைத் திறந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இவர்களை வைத்து விழா எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாமல் இருப்பதற்கு "கெலாசன்ஹைட்" என்று ஒரு பழைய ஜெர்மன் சொல்லே வைத்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்து அடங்கியிருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்தில் கால் மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு பெரியவர், "விழா என்று ஏன் சொல்ல வேண்டும்? நன்றி ஆராதனை என்று போட்டால் போதாதா?" என்றார். இன்னொருவர், "75 வருஷம் நாம் இருந்தோம் என்பதில் நம் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?" என்றார். உங்கள் சபையிலும் இந்தப் பேச்சு வரும். அதை அடக்காதீர்கள், பேசி முடியட்டும். எதற்காகக் கொண்டாடுகிறோம் என்று ஒரே ஒரு வாக்கியம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி எழுதிவிட்டால், பின்னால் வரும் சண்டைகளில் பாதி குறையும். எங்கள் வாக்கியம் இது: "நடந்ததை நடந்தபடி சொல்லி, அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது." அதில் "நடந்தபடி" என்ற வார்த்தை எங்களை எவ்வளவு படுத்தப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

எந்த நாளை ஆரம்ப நாள் என்பது

இது சுலபமாகத் தோன்றும், சுலபமே இல்லை. எங்களுக்கு நான்கு தேதிகள் கிடைத்தன. ஒரு வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக ஜெபத்துக்குக் கூடிய நாள். முதல் ஞானஸ்நானம் நடந்த நாள். அங்கத்தினர் ஒப்பந்தத்தில் 31 பேர் கையெழுத்துப் போட்ட நாள். கட்டடம் பிரதிஷ்டையான நாள். முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் ஆறு வருஷம். வாசலில் பதித்த கல்லில் கட்டடத் தேதிதான் இருந்தது. அதனால் பாதிப் பேர் அதையே சபையின் பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் யோசனை: கட்டடத் தேதியை விட்டுவிடுங்கள். மெனோனைட்டுகளின் தொடக்கத்தையே பாருங்கள். 1525 ஜனவரி 21 அன்று சூரிச்சில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். விசுவாசித்த பிறகு பெறுவதுதான் ஞானஸ்நானம் என்று கான்ராட் கிரேபல் ஜார்ஜ் பிளாவ்ராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், பிளாவ்ராக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். கோயிலும் இல்லை, அனுமதியும் இல்லை. குழந்தையில் ஒருமுறை பெற்றவர்களுக்கு இப்படி மறுஞானஸ்நானம் கொடுப்பவர்களை நீரில் மூழ்கடிப்போம் என்று 1526-இல் நகர சபை ஆணையிட்டது. 1527 ஜனவரி 5 அன்று பீலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடிக்கவும் செய்தது. யாருடைய பெயரால் இவர்கள் அழைக்கப்படுகிறார்களோ அந்த மென்னோ சைமன்ஸ் அப்போது நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்தார். 1536-இல்தான் அந்தப் பதவியை விட்டு வந்தார். இருந்தும் உலகம் முழுக்க இவர்கள் 500-ஆம் ஆண்டை 2025-இல்தான் கொண்டாடினார்கள், மே 29 அன்று சூரிச்சில். பெயர் கிடைத்த நாளையோ கூரை போட்ட நாளையோ அவர்கள் எண்ணவில்லை, ஒருவருக்கொருவர் ஒப்புக்கொடுத்த நாளை எண்ணினார்கள். நாங்களும் கையெழுத்துத் தேதியை எடுத்துக்கொண்டோம்.

மிஷன் வழியாக உண்டான சபைகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் அமெரிக்க மெனோனைட் மிஷன் பஞ்சகாலத்தில் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தம்தரிக்கு வந்தது 1899-இல். மிஷனரி வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணுவதா, அந்த ஊர்க்காரர் ஒருவர் முதலில் சபையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதா? கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வந்தவரின் பெயர் எப்படியும் எங்காவது அச்சில் இருக்கும். சேர்ந்தவரின் பெயர்தான் தொலைந்துபோகிறது, அதைத் தேட விழா ஒரு நல்ல சாக்கு.

குழுவும் காலமும்

ஒன்றரை வருஷம் வேண்டும். ஒரு வருஷத்தில் முடிக்கலாம், ஆனால் வரலாற்று மலர் அரைகுறையாகத்தான் வரும். குழுவில் ஆறு பேர் போதும். பழையவர்கள் இரண்டு பேர், சபைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகாதவர் ஒருவர், பதின்வயதுப் பிள்ளை ஒன்று, பொருளாளர், எல்லாவற்றையும் எழுதி வைக்கும் ஒருவர். போதகரைத் தலைவராக்காதீர்கள். அவருக்கு அடுத்த ஞாயிறு பிரசங்கம் இருக்கிறது. அதோடு பழைய போதகர்களைப் பற்றி ஜனங்கள் அவர் முன்னால் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பதின்வயதுப் பிள்ளையைப் பேருக்குச் சேர்க்காதீர்கள், வாக்குரிமை கொடுங்கள். எங்கள் குழுவில் இருந்த பதினாறு வயதுப் பையன்தான், "75 வருஷத்தில் எத்தனை பேர் நம்மை விட்டுப் போனார்கள்?" என்று முதலில் கேட்டான்.

பெட்டிகளைத் திறப்பது

நீங்கள் நினைப்பதைவிட அதிகமான காகிதம் கிடைக்கும், எதிர்பாராத இடங்களில் கிடைக்கும். கூட்டக் குறிப்பேடுகள், அங்கத்தினர் பதிவேடு, காணிக்கைக் கணக்கு, ஞாயிறு ஆராதனைத் தாள்கள், ஞாயிறு பள்ளி வருகைப் பட்டியல். எங்கள் முதல் பத்து வருஷக் குறிப்பேடு, இறந்துபோன ஒரு செயலாளரின் மகள் வீட்டுப் பரணில் இருந்தது. எனக்குப் பிடித்தது கணக்குப் புத்தகம். குறிப்பேட்டில் எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள், கணக்கில் உள்ளது உள்ளபடி தெரியும். ஒரு வருஷம் நிவாரணத்துக்கு அனுப்பிய தொகை கட்டடச் செலவைவிட அதிகமாக இருந்தது. அதைப் பெருமையாக எழுதப் போனோம். அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அந்த வருஷம் போதகருக்கு ஏழு மாதம் எதுவுமே கொடுக்கவில்லை.

புகைப்படங்களில் நான் பண்ணிய தப்பை நீங்கள் பண்ணாதீர்கள். முதல் வாரத்திலேயே நாற்பது படங்களின் பின்புறம் பந்துமுனைப் பேனாவால் பெயர் எழுதினேன். ஒரு மாதத்தில் எழுத்தின் அழுத்தம் முன்பக்கம் முகங்களின் மேல் கோடாக எழும்பிவிட்டது. மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். செலோடேப் கூடாது, லேமினேஷன் அறவே கூடாது. படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மூலப்படத்தை அமிலமில்லாத உறையில் போட்டு வையுங்கள். கூட்டப் படம் என்றால் அதன் மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளை மட்டும் வட்டமாக வரைந்து எண் போடுங்கள். அந்தத் தாளின் நகலை ஆராதனைக்குப் பிறகு ஒரு மேசையில் பரப்பி, பக்கத்தில் பென்சில்களை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். மூன்று ஞாயிற்றில் 112 தலைகளில் 97-க்குப் பெயர் வந்துவிட்டது. மீதி 15 பேரை மலரில் "பெயர் தெரியவில்லை" என்றே போட்டோம். விழா நாளில் அதில் நாலு பேரை யாரோ அடையாளம் சொன்னார்கள்.

உங்கள் சபையைப் பற்றி வெளியில் என்ன பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். காமியோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இணையக் கலைக்களஞ்சியத்தில் தனித்தனிச் சபைகளுக்கே கட்டுரைகள் உண்டு. அமெரிக்காவின் எல்க்ஹார்ட், நார்த் நியூட்டன், கனடாவின் வின்னிபெக் ஆகிய ஊர்களில் மெனோனைட் ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. உங்கள் மாநாட்டுக்கு, அதாவது உங்கள் சபை சேர்ந்திருக்கும் கூட்டமைப்புக்கு, எந்தக் காப்பகம் என்று கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள். பதில் வர நாளாகும், ஆனால் வரும்.

அப்புறம் பேட்டிகள். வயதானவர்களை முதலில் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். எங்கள் பட்டியலில் இருந்தவர்களில் இரண்டு பேர் நாங்கள் போவதற்குள் போய்விட்டார்கள். "சபையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லோரும் பிரசங்கம்தான் செய்வார்கள். சின்னதாகக் கேளுங்கள். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்? குளிருக்கு யார் அடுப்பு மூட்டுவார்கள்? எப்போது உங்களுக்குச் சபை மேல் கோபம் வந்தது?

எங்கள் முதல் போதகர் சீட்டு முறையில் வந்தவர். அந்தக் காலத்தில் பல மெனோனைட் சபைகளில் அப்படித்தான். சபையார் பெயர் சொன்ன ஆட்களுக்கு முன்னால் ஆளுக்கொரு புத்தகம் வைப்பார்கள். எதில் சீட்டு இருக்கிறதோ, அதை எடுத்தவர் ஆயுளுக்கும் ஊழியர். படிப்பும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அவர் மகளுக்கு இப்போது 84 வயது. "சீட்டு விழுந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். "அப்பா தொழுவத்துக்குப் போய்விட்டார். பால் கறக்கிற நேரம் அது. அம்மா சமையலறையில் விளக்கு ஏற்றாமலே உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பிள்ளைகள் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று நினைத்தோம்" என்றார். மலரில் அவர்கள் அப்பாவின் படத்துக்குக் கீழே "ஆண்டவரின் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றார்" என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

சிவப்புக் கோடு

இப்போது அந்தப் பதிவேட்டுக் கதை. பத்தாவது பக்கத்தில் ஒரு பெயரின் மேல் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. கோணல் இல்லை, சிந்தல் இல்லை, அவ்வளவு நிதானமான கோடு. ஓரத்தில் ஒரு தேதி. இராணுவத்தில் சேர்ந்த இளைஞர் அவர். யுத்தத்தில் பங்கெடுப்பதில்லை என்பது 1527-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் எழுதிய ஏழு விசுவாசக் கட்டுரைகளிலிருந்து வருகிற உபதேசம், வாளைப் பற்றியே அதில் ஒரு கட்டுரை உண்டு. சபை அவரை நீக்கியது. ஆறு மாதத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் ஐந்து குடும்பங்கள் விலகின.

மலரின் முதல் வரைவில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "இக்காலத்தில் சபை சில மாற்றங்களைச் சந்தித்தது." மூப்பர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வரைவின் பிரதிகளைப் பழையவர்களுக்கு அனுப்பினோம். ஒரு பிரதி திரும்பி வந்தது. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் நடுங்கிய கையெழுத்தில், "என் அண்ணன் ஒரு மாற்றமா?" என்று இருந்தது. பெயர் இல்லை. ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. விலகிய குடும்பத்தில் கல்யாணத்தால் இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஒரே தங்கை.

இதற்குச் சுருக்கவழி கிடையாது. நாங்கள் செய்தது இது. முதலில் நானும் இன்னொரு பெண்ணும் அவர் வீட்டுக்குப் போனோம், மூப்பர்கள் இல்லாமல். கேட்டோம், வாதாடவில்லை. இரண்டாவதாக, என்ன எழுதினாலும் அவருக்குக் காட்டாமல் அச்சுக்குப் போகாது என்று சொன்னோம். மூன்றாவதாக, மூப்பர் குழு அன்றைய குறிப்பேட்டை உரக்க வாசித்தது. அந்தக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. "அன்றைய தீர்மானம் தவறு" என்று எழுத சிலருக்குச் சம்மதம் இல்லை, சமாதான உபதேசத்தை விட்டுக்கொடுத்தது போலாகும் என்றார்கள். "தீர்மானம் சரி" என்று எழுத மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் தீர்ப்பே எழுதாமல் நடந்ததை ஐந்து வரியில் எழுதினோம். அண்ணனின் பெயர், வயது, நீக்கிய தேதி, விலகிய குடும்பங்களின் எண்ணிக்கை. ஐந்தாவது வரி: "அதற்குப் பிறகு சபையிலிருந்து யாரும் அவரைப் போய்ப் பார்த்ததாகக் குறிப்பில்லை." அந்த வரியைச் சொன்னது நான் இல்லை. 60 வருஷமாக அங்கத்தினராக இருக்கும் ஒரு தாத்தா.

விலகிப்போனவர்களைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டால், கூப்பிடுங்கள். அச்சடித்த அழைப்பை மட்டும் தபாலில் அனுப்பாதீர்கள், கையால் இரண்டு வரி எழுதுங்கள். "திரும்பி வாருங்கள்" என்று எழுதாதீர்கள், "அன்றைக்கு வாருங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். நாங்கள் எழுதியது 43 பேருக்கு. வந்தவர்கள் ஒன்பது. இரண்டு பேர் கோபமாகப் பதில் எழுதினார்கள், அதையும் பெட்டியில் வைத்திருக்கிறோம். அந்தத் தங்கை வந்தார், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார், சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். போகும்போது மலரில் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆராதனையும் பாதம் கழுவுதலும்

ஆராதனை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாழ்த்துரைகள்தான் நேரத்தைத் தின்னும். முன்னாள் போதகர்கள், பக்கத்துச் சபையார், மாநாட்டுப் பிரதிநிதி என்று எல்லோரும் பேச வேண்டும் என்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே கடிதமாக வாங்கி மலரில் போட்டுவிட்டு, மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தோம். மாலை மரியாதை கிடையாது. பதினாறு வயதுப் பையன் முன்வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தான். அவனை முறைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வேதபாடத்துக்கு மென்னோவே ஒரு வழி காட்டியிருக்கிறார். தன் எழுத்துகள் எல்லாவற்றின் முகப்பிலும் அவர் போட்ட வசனம் 1 கொரிந்தியர் 3:11, கிறிஸ்துவைத் தவிர வேறு அஸ்திபாரம் இல்லை என்பது. ஆண்டு விழாக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கடிவாளம் கிடைக்காது. பாட்டுக்கு வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடுவது பல மெனோனைட் சபைகளில் ரத்தத்தில் ஊறியது. ஆனால் விழாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. குரல் பழக்கம் உள்ளவர்களை ஒரே மூலையில் குவிக்காமல் கூட்டம் முழுக்கத் தூவி உட்கார வையுங்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்வரம் பிசகாமல் பாடினால் தெரியாதவரும் ஒட்டிக்கொள்வார்.

பாதம் கழுவுதல் வேண்டுமா என்பதில் எங்களுக்குள் பெரிய விவாதம். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய யோவான் 13-ஐ நியமமாகவே எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள், 1632-இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்டில் எழுதிய விசுவாச அறிக்கையில் அதற்கென்று தனிக் கட்டுரை இருக்கிறது. இன்று சில சபைகள் தவறாமல் செய்கின்றன, சில விட்டுவிட்டன. விருந்தினர்களுக்குக் கூச்சமாக இருக்குமே என்பது கேள்வி. எனக்கு நினைவுக்கு வந்தது 2010. அந்த வருஷம் ஸ்டுட்கார்ட்டில் லுத்தரன் உலக சம்மேளனம், 16-ஆம் நூற்றாண்டுத் துன்புறுத்தலுக்காக மெனோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. மெனோனைட்டுகள் பதிலுக்குக் கொடுத்தது கால் கழுவும் மரத்தொட்டி ஒன்று. கேடயமும் இல்லை, பாராட்டுப் பத்திரமும் இல்லை. அதைச் சொன்ன பிறகு எங்கள் விவாதம் ஓய்ந்தது. ஆனால் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்தோம்.

செய்முறை சொல்கிறேன், இதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. எட்டுப் பேருக்கு ஒரு தொட்டி, ஒரு வாளி வெந்நீர் கலந்த தண்ணீர், அழுக்குத் தண்ணீர் ஊற்ற இன்னொரு வாளி. தண்ணீர் ஆறிப்போகும், ஆராதனை தொடங்கியபிறகு ஊற்றுங்கள். ஆளுக்கொரு துண்டு, மேலே இருபது கூடுதலாக. எங்களுக்குப் பத்தாமல் போய், ஓர் அம்மா தன் சால்வையால் துடைத்தார். தரையில் ஈரம் படாமல் விரிப்பு போடுங்கள், வயதானவர்கள் வழுக்குவார்கள். குனிய முடியாதவர்களுக்குக் கை கழுவுவதாக ஒரு மேசை தனியாக வையுங்கள். அதை ஓரத்தில் தள்ளாமல் நடுவிலேயே போடுங்கள். ஜோடி சேர்த்துவிடாதீர்கள். யார் யாருக்குக் கழுவ வேண்டும் என்று ஏற்பாடு செய்தால் நாடகமாகிவிடும்.

நாடகம் என்றதும் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் டிர்க் வில்லெம்ஸ் கதையைக் கொடுத்தோம். மறுஞானஸ்நானம் பெற்றதற்காகச் சிறைப்பட்டவர் அவர். 1569-இல் நெதர்லாந்தின் ஆஸ்பெரனில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின் மேல் ஓடுகிறார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து மூழ்குகிறான். இவர் திரும்பிப் போய் அவனைத் தூக்கிவிடுகிறார். எங்கள் பனிக்கட்டி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, நான்கு பிள்ளைகள் அதன் முனைகளை ஆட்டினார்கள். ஒத்திகையில் துரத்துபவனாக நடித்த சிறுமி, "அப்புறம் நான் அவரை விட்டுவிடுவேன் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை, அவரைப் பிடித்துக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள். சொன்னதும் அவள் நடிக்க மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் ஒரு பெரியவர் அந்த வேஷத்தைப் போட்டார். முடிவை மாற்றவில்லை. ஆனால் ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கதையைக் கொடுக்க மாட்டேன், இனிமேல்.

முடிச்சும் பணமும்

பேனர், நினைவுப் பரிசு, பெயர் பொறித்த கோப்பை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே ஒரு காரியம் செய்தோம்: போர்வை. மேலே துணித்துண்டுகள் சேர்த்துத் தைத்த பக்கம், நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலைந்து விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கனமான நூலால் கட்ட வேண்டும். 1920-இல் தென் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது தொடங்கிய மெனோனைட் மத்தியக் குழு இப்படிப்பட்ட போர்வைகளை இன்றும் அகதிகளுக்கு அனுப்புகிறது. ஊசி நுழைக்கக் குழந்தைகள், முடிச்சுப் போடப் பெரியவர்கள். ஒரு சட்டத்தைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம், பேச்சு தானாக வரும். சனிக்கிழமை மதியம் மூன்று சட்டம் போட்டோம், ஆறு போர்வை முடிந்தது. விலகிப்போன ஒன்பது பேரில் ஐந்து பேர் வந்து உட்கார்ந்தது இந்தச் சட்டத்தைச் சுற்றித்தான். கையில் வேலை இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.

பணத்தில் ஒரே விதி வைத்தோம். விழாவுக்கு எவ்வளவு செலவாகிறதோ, அதே அளவு வெளியே கொடுப்பது. பொருளாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் செலவு தானாகக் குறைந்துவிட்டது, ஒவ்வொரு ரசீதும் இரண்டாகத் தெரிந்ததால். ஆண்டு விழாவில் பிறந்த காரியம் நிலைத்திருக்கவும் கூடும். 1925-இல் 400-ஆம் ஆண்டுக்காகப் பாசெலில் கூடியவர்களிடமிருந்துதான் மெனோனைட் உலக மாநாடு தொடங்கியது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொன்று செய்து கொண்டுவரச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சீட்டு ஒட்டுங்கள், வரிசையை மேசையின் இருபுறமும் விடுங்கள். வண்டி நிறுத்த இடத்துக்கு இரண்டு இளைஞர்கள். ஒலிபெருக்கியை முந்தின நாளே சோதியுங்கள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை

விழா முடிந்த மறுநாள் எல்லோரும் களைத்துக் கிடப்பார்கள், அன்றைக்குத்தான் செயலாளருக்கு வேலை. ஒலிப்பதிவுகளை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். மலரில் மூன்று பிரதியும் படங்களின் ஸ்கேனும் காப்பகத்துக்கு. பதிவேட்டையும் குறிப்பேட்டையும் எடுத்த வீட்டுக்கே திருப்பி அனுப்பாமல், அவர்கள் சம்மதத்தோடு காப்பகத்தில் சேருங்கள். பரண் நல்ல காப்பகம் இல்லை. சிலர் நூறாவது ஆண்டில் திறக்க மண்ணில் பேழை புதைக்கலாம் என்றார்கள். தண்ணீர் இறங்கும், தவிர எங்கே புதைத்தோம் என்பதை மறந்துவிடுவார்கள். நான் வேண்டாம் என்றேன், அலமாரியில் ஒரு பெட்டி போதும்.

பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்றாண்டு விழாவின் செயலாளருக்கு என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவர் இப்போது ஞாயிறு பள்ளியில் இருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். நான்கு வரிதான்: "படத்தின் பின்னால் பேனா வேண்டாம். வரைவைப் பழையவர்களுக்கு முதலில் காட்டுங்கள். பதிவேட்டின் பத்தாம் பக்கத்தைப் பாருங்கள். துண்டு இன்னும் இருபது வாங்குங்கள்."